7.1 ஹெட்செட் வாங்கலாமா? பின்னால் வரும் காலடி முன்னால் கேட்கிறது

கேள்வி:
வாலரண்ட் துப்பாக்கிச் சண்டை கேம்ல இடம், வலம் தெளிவாகத் தெரியுது. ஆனா பின்னால வர்றவன் காலடி முன்னால கேட்குது, குளியலறைக்குள்ள பேசுற மாதிரி எதிரொலியும் இருக்கு. யூஎஸ்பி ஹெட்செட், ஒயர்ல இருக்கிற 7.1 பட்டன் (சுத்தி ஏழு ஸ்பீக்கர், ஒரு பேஸ் ஸ்பீக்கர் இருக்கிற மாதிரி கேட்க வைக்கிறது) ஆன், கேம்ல எச்ஆர்டிஎஃப்பும் (ஹெட்போன்ல திசை தெரிய வைக்கிற செட்டிங்) ஆன். காதுக்கு நாலு ஸ்பீக்கர் வச்ச 'நிஜ 7.1' வாங்கினா சரியாகுமா?

பதில் 1:
வாங்காதீங்க. ஒரே வேலையை ரெண்டு பேர் செய்றதுதான் சிக்கல். சத்தம் தலையையும் காது மடலையும் தாண்டி வரும்போது எப்படி மாறுமோ, அதை எச்ஆர்டிஎஃப் கணக்குப் போட்டு இடது, வலதுன்னு ரெண்டு சேனல்ல கொடுத்துடுது. அதுக்கு மேல 7.1 பட்டன் ஒரு அறையோட எதிரொலியைப் பூசுது. முன்னா பின்னான்னு காது கண்டுபிடிக்கிறது பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிற நுணுக்கத்தை வச்சுத்தான். அதுதான் முதல்ல கலங்கும்.

பட்டனை ஆஃப் பண்ணுங்க. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸ்ல ஹெட்செட்டைத் திறந்து ஸ்பேஷியல் சவுண்டையும் ஆஃப் பண்ணுங்க. பழைய சவுண்ட் பேனல்ல பிளேபேக், கான்ஃபிகர் போய் 'ஸ்டீரியோ' வைங்க. கேம்ல ஸ்பீக்கர் கான்ஃபிகரேஷன் ஸ்டீரியோ, எச்ஆர்டிஎஃப் ஆன். பேஸ் பூஸ்ட் இருந்தா அதையும் எடுத்துடுங்க, வெடிச்சத்தம் காலடியை விழுங்கிடும்.

பதில் 2:
'நிஜ 7.1'ல எல்லா ஸ்பீக்கரும் காதுக்கு ஓரிரு சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கு. பின் ஸ்பீக்கர் சத்தம் மறு காதுக்குப் போகவே போகாது. அறையில அது ரெண்டு காதுக்கும் வரும், தூரக் காதுக்கு அதிகபட்சம் 0.7 மில்லிசெகண்ட் தாமதமா. மூளை திசையைக் கணிக்க அந்தத் தாமதம் வேணும். பல ஸ்பீக்கரை நெருக்கி அடைச்சதுல எடை கூடுறதுதான் மிச்சம். அந்தக் காசுக்கு நல்ல ஸ்டீரியோ வாங்குங்க. வெளிச்சத்தம் இல்லாத அறைன்னா ஓப்பன் பேக் (காது மூடியோட வெளிப்பக்கம் திறந்திருக்கிற ஹெட்போன்) இன்னும் நல்லது.

கேட்டவர்:
எதிரொலி போயிடுச்சு, நன்றி. முன், பின் இன்னும் சில நேரம் குழப்புது.

பதில் 1:
எச்ஆர்டிஎஃப் பொதுவான காது அளவுக்குச் செஞ்சது, உங்க காது மடலுக்கு அப்படியே பொருந்தாது. சந்தேகம் வந்தா மவுஸைச் சட்டுனு வலப்பக்கம் திருப்புங்க. சத்தம் இடது காதுக்கு நகர்ந்தா ஆள் முன்னால, வலது காதுக்கு நகர்ந்தா பின்னால.

பதில் 2:
பட்டனைத் தூக்கிப் போட வேண்டாம். எச்ஆர்டிஎஃப் இல்லாம 7.1 சேனல் மட்டும் அனுப்புற கேம்களுக்கு அது உதவும். அப்போ கேம்லயும் விண்டோஸ்லயும் 7.1 வைக்கணும். ஸ்டீரியோவா விட்டா, பட்டனுக்குப் பின்பக்கச் சேனலே வந்து சேராது.