பள்ளத்தில் நின்ற வண்டிக்கு என்ன பெயர்?

கீழக்கரையிலிருந்து:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். வளைகுடா நாட்டுக் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் பதினோரு ஆண்டுகள், மேடுபள்ளத் தண்டவாளத்தில் வண்டி ஓடும் ரோலர் கோஸ்டரின் பராமரிப்பில் இருந்தவன் நான். ஊர் திரும்பிய பிறகு, ஐ.டி.ஐ. முடித்து அதே வேலைக்குக் கிளம்பும் நம் கரையோரப் பிள்ளைகளுக்காக ஒரு கையேடு எழுதி வருகிறேன். ரோலர் கோஸ்டருக்குத் தமிழ் கேட்டு இந்த மடல் இல்லை. அது பஸ்ஸைப் போல அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். ராட்டினம் என்று எழுதினால் என்ன என்பீர்கள். கிணற்றில் இருப்பது ராட்டினம், நூல் நூற்பது ராட்டினம், ஏர்வாடி சந்தனக்கூட்டில் பிள்ளைகள் ஏறுவதும் ராட்டினம். மூன்றும் ஓர் அச்சைப் பற்றிக்கொண்டு சுற்றுபவை. இது சுற்றுவதில்லை, ஓடுகிறது.

எனக்குச் சொல் இல்லாத இடம் வேறு. வண்டி எங்கே நின்றாலும் நம் செய்தித்தாள்களில் ஒரே தலைப்புதான்: 'பழுது, அந்தரத்தில் தவித்த பயணிகள்'. அந்த அந்தரம் பெரும்பாலும் முதல் ஏற்றம். சங்கிலி வண்டியை மேலே இழுக்கும்போது 'டக் டக்' என்று கேட்கிறதே, அது வண்டியின் அடியில் உள்ள தடுநாக்கு, தண்டவாளத்தோடு செல்லும் இரும்புப் பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து ஏறும் ஒலி. சங்கிலி நின்றாலும் அறுந்தாலும் நாக்கு பல்லைப் பிடித்துக்கொள்ளும். அங்கே நிற்பது பார்ப்பவருக்குப் பயம், எங்களுக்கு நிம்மதி. இதை நான் 'ஏற்றநிறுத்தம்' என்று எழுதிவிட்டேன். யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சிக்கல் அடுத்ததில். ரோலர் கோஸ்டர் வண்டியில் எஞ்சின் கிடையாது. முதல் உச்சியில் கையில் கொடுத்த காசை வைத்துத்தான் கடைசி வரை செலவு செய்ய வேண்டும். எதிர்காற்று கொஞ்சம் தின்னும், சக்கரத்து உறை கொஞ்சம் தின்னும், குளிரில் இறுகிய கிரீஸ் கொஞ்சம் தின்னும். ஆள் இல்லாத வண்டியில் எடை குறைவு, ஆகவே காற்றின் பிடி அதில் கூடுதலாகத் தெரியும். காசு தீர்ந்தால் அடுத்த மேட்டின் பாதியில் வேகம் செத்து, பின்னால் உருண்டு, எதிர்மேட்டில் சற்று ஏறி, மறுபடி இறங்கி, ஊஞ்சல் போல ஆடி ஆடிப் பள்ளத்தின் அடியில் நின்றுவிடும். எதுவும் உடையவில்லை, எதுவும் பழுதாகவில்லை. ஆனால் வண்டி தானாக நகராது.

இதற்கு ஒரு சொல் வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. ஒரு ஜனவரி விடியற்காலை, வெள்ளோட்டம் விட்ட காலி வண்டி இப்படி நின்றது. இரவு முறைக்காரர் பதிவேட்டில் 'பழுது' என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டுப் போய்விட்டார். பகல் முறையில் வந்த நாங்கள் உடைந்த பாகத்தைத் தேடி மத்தியானம் வரை பிரேக்கையும் சென்சாரையும் கழற்றிக்கொண்டிருந்தோம். முந்தின நாள் மாற்றிய சக்கரங்களில் புதுக் கிரீஸ் இறுகியிருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

உந்தம் இழப்பது என்ற பொருளில் 'உந்தமிழப்பு' என்று எழுதிப் பார்த்தேன். என் மகன் வாய்விட்டு வாசித்தான்: 'உந்தமிழ் அப்பு'. அத்தோடு விட்டுவிட்டேன்.

மண்டபத்திலிருந்து, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்:

தம்பி, கடற்கரையில் இருந்துகொண்டு அகராதியைத் தேடுவானேன்? படகு மணலில் ஏறி நின்றால் 'தரைதட்டிவிட்டது' என்கிறோம். 'தரைதட்டல்' என்றே வைத்துவிடலாம்.

நீங்கள் எழுதிய எதிர்காற்று எனக்குப் புதிதில்லை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போகும். எக்ஸ்பிரசானாலும் கரையில் காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் வண்டிக்கும் அப்படி ஒரு காற்றுமானி உண்டா? ஒரு பிளாக்கில், அதாவது பாதையின் ஒரு பகுதியில், ஒரு நேரத்தில் ஒரு வண்டி என்ற எங்கள் விதி உங்களிடமும் உண்டா?

தொண்டியிலிருந்து:

காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்), ஆடி ஆடி அடங்குகிறது என்கிறீர்களே, 'பள்ளத்து அடங்கல்' என்று வைத்தால்?

ராமேசுவரத்திலிருந்து, இயற்பியல் ஆசிரியை:

தொண்டித் தம்பி, நம் மாவட்டத்தில் 'அடங்கல்' என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கும் காகிதம்தான் நினைவுக்கு வரும். பயிர்க்கடனுக்கு அலைந்தவர் யாரும் அந்தச் சொல்லைப் பூங்காவில் பார்க்க விரும்பமாட்டார்.

மண்டபத்து ஐயா சொன்ன 'தரைதட்டல்' அழகுதான், ஆனால் வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் தவறான படம் மனத்தில் விழும். படகை நிறுத்துவது தரை. இந்த வண்டியை எதுவும் தடுத்து நிறுத்தவில்லை. மேட்டைத் தாண்டும் ஆற்றல் இல்லாததால் தாழ்ந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. பள்ளத்தில் தண்ணீர் தங்குவது போல.

கீழக்கரையிலிருந்து:

டீச்சர் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியிலேயே சொல் கிடைத்துவிட்டது. தங்குதல். 'பள்ளத்தங்கல்'.

எனக்கு ஒரு பழைய சோதனை உண்டு. பெயர்ச்சொல் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், வாக்கிடாக்கியில் கத்துவதற்கு அதிலிருந்து ஒரு வினை பிறக்க வேண்டும். 'மூன்றாம் பள்ளத்தில் வண்டி தங்கிவிட்டது.' கேட்டவன் ஓடி வருவான். 'ஆற்றல் குறைவால் இயக்கமற்ற நிலை எய்தியது' என்று கத்தினால் ஓடிவர மாட்டான், இலக்கணம் பார்ப்பான்.

ஐயா கேட்ட இரண்டுக்கும் விடை 'உண்டு' என்பதே. காற்றுமானி இருக்கிறது. பாதையைப் பிளாக்குகளாகப் பிரித்து, முன்னால் போன வண்டி தன் பிளாக்கை விட்டு வெளியேறிய செய்தி வந்தால்தான் பின்வண்டியை விடுவோம். அந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவே சாட்சி. 2015 ஜூன் 2, பலத்த காற்று. 'ஸ்மைலர்' பாதையில் வெள்ளோட்டம் விட்ட காலி வண்டி ஒன்று பள்ளத்தில் தங்கிவிட்டது. பிளாக்கில் வண்டி நிற்பதை அறிந்த கணினி, ஆட்கள் ஏறிய அடுத்த வண்டியை ஏற்றத்திலேயே பிடித்து வைத்தது. பராமரிப்பாளர்களுக்குக் காலி வண்டி அங்கே நிற்பது தெரியாது. கணினிதான் தவறாகச் சொல்கிறது என்று நினைத்து, தடையைக் கையால் நீக்கி வண்டியை விட்டார்கள். மோதலில் 16 பேர் காயமடைந்தார்கள், இரண்டு பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். பூங்கா நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு 50 லட்சம் பவுண்டு அபராதம். அந்த நாளில் கணினி பழுதாகவில்லை, வண்டியும் பழுதாகவில்லை. 'பழுது' என்ற சொல்லின் மேல் எனக்குள்ள கோபம் இங்கிருந்துதான் வருகிறது.

ராமேசுவரத்திலிருந்து:

ஐயா, உங்கள் சொல்லை நானே கொடுத்தேன் என்பதால் நானே ஆட்சேபிக்கிறேன். 'தங்கல்' என்றால் விரும்பித் தங்குவது போல இல்லையா? விடுதியில் தங்கினார், திருத்தங்கலில் பெருமாள் தங்கினார் என்கிறோமே.

கீழக்கரையிலிருந்து:

பள்ளத்தில் தங்குகிற தண்ணீருக்கு விருப்பம் ஏது, டீச்சர்? 'இந்த வருஷம் கண்மாயில் தண்ணீர் தங்கவில்லை' என்று நம் ஊரில் யாரும் தண்ணீரைக் குறைசொல்வதில்லை. 'பள்ளம்' என்ற முன்னொட்டு இருக்கும் வரை விடுதிக் குழப்பம் வராது.

மூன்றாவது நிலை ஒன்று பாக்கி. சங்கிலி இல்லாமல், ஒரே உந்தில் வண்டியை எறியும் வகை. அமெரிக்காவில் நியூஜெர்சியின் 'கிங்டா கா' 2005இல் திறந்தது: மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம், 139 மீட்டர் உயரம். 2024இல் மூடி, 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். உந்து சற்றுக் குறைந்த நாளில் வண்டி உச்சியைத் தொடுமுன் நின்று, வந்த வழியே இறங்கிவிடும். அதை எதிர்பார்த்தே ஏவும் தடம் நெடுகக் காந்தப் பிரேக்குகள் எழுந்து நிற்கும். ஆகவே இதுவும் பழுதில்லை. தொண்டித் தம்பி தனிமடலில் 'புறமுதுகு' என்று பரிந்துரைத்திருக்கிறார். கையேட்டில் போட்டால் வண்டி மானநஷ்ட வழக்குப் போடும். கடல் உள்வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், 'பின்வாங்கல்' என்றால் போதாதா? பின்வாங்கிய வண்டி ஏவுதளத்துக்கே திரும்புகிறது, அடுத்த உந்தில் போய்விடும். தங்கிய வண்டி அப்படியில்லை. ஆட்களை இறக்கி, வின்ச்சும் கப்பியும் வடமும் கொண்டுபோய் மேட்டுக்கு இழுத்துவிட வேண்டும். சில நேரம் கிரேன். ஒரு முழு நாள் போய்விடும்.

மண்டபத்திலிருந்து:

என் 'தரைதட்டல்' தங்கிவிட்டது, சரி. பின்வாங்கலை ஒப்புக்கொள்கிறேன். ஒரு திருத்தம் மட்டும், தம்பி. கையேட்டில் 'வடம்' என்று மொட்டையாக எழுதாதீர்கள், 'எஃகுக் கம்பிவடம்' என்று எழுதுங்கள். வடம் என்றதும் நம் பிள்ளைகள் படகு இழுக்கும் நைலான் கயிற்றைக் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள்.