இகிரு: நாயகனை முன்கூட்டியே சாகடித்தது சரியா?

கறுப்புவெள்ளை:
ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'இகிரு' (1952) படத்தைப் பார்க்கிற பலரும் தடுக்கி நிற்பது ஒரே இடத்தில்தான். படம் 143 நிமிடம். ஒன்றரை மணி நேரம் போல ஓடியபின், வயிற்றுப் புற்றுநோய்க்காரரான நகராட்சிப் பிரிவுத் தலைவர் வதானபே, ஒரு பகுதிப் பெண்கள் பூங்கா கேட்டுக் கொடுத்துக் கிடப்பில் கிடந்த மனுவை எடுத்துக்கொண்டு அலுவலகத்தை விட்டுக் கிளம்புகிறார். இனிதான் கதை சூடு பிடிக்கும் என்று நினைக்கும்போது, ஐந்து மாதம் கழித்து அவர் இறந்தார் என்று பின்னணிக் குரல் சொல்லிவிடுகிறது. மிச்சமுள்ள 50 நிமிடம் துக்க வீட்டில் குமாஸ்தாக்கள் சாகே (அரிசி மது) குடித்துக்கொண்டு பேசுவது. பூங்கா கட்டிய போராட்டத்தை நேராகக் காட்டியிருந்தால் படம் இன்னும் வலுவாக இருந்திருக்கும் என்பது என் கட்சி.

மேசைவிளக்கு:
நேராகக் காட்டினால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். ஒவ்வொரு தடையாக வரும், ஒவ்வொன்றாகத் தாண்டுவார், கடைசியில் பூங்கா திறக்கும், நாம் கைதட்டுவோம். துக்க வீட்டில் அந்தக் கைதட்டலுக்கே இடமில்லை. துணை மேயர் பெருமையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். பூங்காத் துறை, பொதுப்பணித் துறை என்று ஆளுக்கொரு பங்கு கேட்கிறார்கள். நடுவில் அந்தப் பகுதிப் பெண்கள் வந்து ஊதுவத்தி ஏற்றி அழுகிறார்கள். அதற்குமேல் துணை மேயரால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து போய்விடுகிறார். வாதம் உண்மையில் அப்புறம்தான் தொடங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, யாருக்கு எது தெரியும் என்ற கணக்கு. முதல் பாதியில் வதானபேயோடு நெருங்கிப் பழகியவர்கள் இரண்டே பேர்: ஓர் இரவு முழுக்க அவரை ஊர் சுற்ற வைத்த எழுத்தாளர், அவர் அலுவலக வேலையை விட்டு முயல் பொம்மை செய்யப் போன இளம்பெண் தோயோ. இரண்டு பேருமே துக்க வீட்டில் இல்லை. அங்கே இருப்பவர்களுக்கோ கடைசி ஐந்து மாதம் மட்டும் துண்டு துண்டாகத் தெரியும். முழுக் கதையும் தெரிந்தவர் பார்வையாளர் ஒருவர்தான். வதானபேயைப் படத்தின் மூன்றில் இரண்டு பங்கில் சாகடித்ததால்தான் அந்த இடத்தில் நாம் உட்கார முடிகிறது.

வெட்டியொட்டி:
கணக்கு சரி, ஆனால் அந்த 50 நிமிடம் எல்லா இடத்திலும் ஒரே விறுவிறுப்பில் ஓடவில்லை. குடி ஏற ஏறச் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள். அந்தப் பேச்சினூடே வரும் நினைவுத் துண்டுகளில் இரண்டு அபாரம். மிரட்ட வந்த ரவுடிகள் உயிர்மேல் ஆசையில்லையா என்று கேட்க, வதானபே வாயே திறக்காமல் சிரிப்பது ஒன்று. அந்தி வானத்தைப் பார்த்து நின்றவர், 'இதற்கெல்லாம் நேரமில்லை' என்று நகர்வது இன்னொன்று. மற்றபடி குனிந்து குனிந்து அதிகாரிகளிடம் கெஞ்சும் துண்டுகளில் ஒன்றிரண்டைக் குறைத்திருக்கலாம். எழுத்தாளரோடு சுற்றும் இரவையும் அப்படியே. மதுக்கடையில் பியானோ வாசிப்பவரிடம் கேட்டு வதானபே 'கொண்டோலா நோ உதா' என்ற பழைய பாட்டைப் பாடும் இடம் வந்ததுமே அந்தப் பகுதி தன் வேலையை முடித்துவிட்டது. அதற்குப் பிறகு வருவது நீட்டல்.

கறுப்புவெள்ளை:
திறப்புக் காட்சி மட்டும் எனக்குப் புகாரே இல்லாத பகுதி. முதல் ஷாட்டே அவர் வயிற்றின் எக்ஸ்ரே. நோய் நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அப்புறம் குட்டையைத் தூர்த்துப் பூங்கா கேட்டு வரும் பெண்களைத் துறை துறையாக விரட்டும் தொடர். ஒவ்வொரு குமாஸ்தாவும் கவுன்டருக்குப் பின்னாலிருந்து நம்மைப் பார்த்தே பேசுவார். அடுத்த துறை திரை ஓரத்திலிருந்து முந்தையதை வழித்துக்கொண்டு வரும். கடைசியில் புறப்பட்ட ஜன்னலுக்கே திரும்பி வருவார்கள். மருத்துவமனையில் காத்திருக்கும் இன்னொரு நோயாளி, டாக்டர் இன்னின்ன பொய் சொன்னால் அது புற்றுநோய் என்று ஒப்பிப்பார். உள்ளே போனால் டாக்டர் அதையே சொல்வார். வசனமே இல்லாமல், வதானபேயாக நடித்த ஷிமுராவின் முகத்தில் எல்லாம் தெரிந்துவிடும். இப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டு நம்மைக் காத்திருக்க வைப்பதில் கெட்டிக்காரரான இயக்குநர், பூங்காவில் மட்டும் ஏன் ஒளித்தார்?

மேசைவிளக்கு:
அங்கேயும் அதே உத்திதானே சார். எக்ஸ்ரேயில் முடிவை முதலில் சொன்னார், இங்கே மரணத்தை முதலில் சொன்னார். ஊஞ்சல் காட்சியைப் பாருங்கள். போலீஸ்காரர் பூங்காவில் கிடந்த தொப்பியைக் கொண்டுவந்து தருகிறார். பனியில் ஊஞ்சலாடியவரைக் குடிகாரர் என்று நினைத்து விட்டுவிட்டேன் என்கிறார். அதன்பிறகுதான், ஏறி விளையாடும் கம்பிக் கூண்டின் இடுக்கு வழியே கேமரா பக்கவாட்டில் நகர, அவரைப் பார்க்கிறோம். பாட்டு அதே பாட்டு. மதுக்கடையில் அதைக் கேட்டிருந்தால்தான் இங்கே அவர் குரல் மாறியிருப்பது தெரியும். போலீஸ்காரருக்கு முதல் தடவை, நமக்கு இரண்டாவது.

வெட்டியொட்டி:
அப்படியானால் மகன் மித்சுவோவை எங்கே வைப்பீர்கள்? வங்கிப் புத்தகத்தையும் முத்திரையையும் தனக்காக அப்பா வைத்துவிட்டுப் போனதைக் கண்டு, நோயை ஏன் சொல்லாமல் மறைத்தார் என்று புலம்புகிறான்.

மேசைவிளக்கு:
அதுதான் என் வாதத்துக்கே நல்ல சாட்சி. அவர் சொல்ல வாயெடுத்தார். தோயோவோடு தொடர்பு என்று எண்ணிக்கொண்டு, சொத்துப் பேச்சை இழுத்து வாயடைத்தவன் இவனேதான். அந்த அறையில் இருக்கும் குமாஸ்தாக்களுக்கு அது தெரிய வழியில்லை. மித்சுவோவுக்கே நினைவில்லை.