மெய்ப்புப் பணிக்கு மேட் திரையா, கிளாஸித் திரையா?

சன்னலோரம் (கேள்வி):

வணக்கம். நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் மடிக்கணினியில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. இதுவரை பயன்படுத்திய கணினியின் கீல் உடைந்து, திரைக்குச் செல்லும் கம்பியும் அறுந்துவிட்டதால், புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும். நான் மனத்தில் வைத்திருக்கும் மாடல் இரண்டு வகைத் திரைகளில் கிடைக்கிறது: ஒன்று 300 நிட் (திரை ஒளிர்வின் அலகு) ஒளிர்வுள்ள, பளபளப்பில்லாத மேட் ஐபிஎஸ் திரை (பின்னொளியால் ஒளிரும் வகை), மற்றொன்று 400 நிட் ஒளிர்வுள்ள, பளபளப்பான கிளாஸி ஓஎல்இடி தொடுதிரை (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் வகை). விற்பனைக் கூடத்தில் இரண்டையும் அருகருகே பார்த்தபோது, கிளாஸித் திரைக்கு முன்னால் மேட் திரை சோகை பிடித்ததுபோல் தெரிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அதற்கு முன்பே நண்பர் ஒருவரின் கிளாஸித் திரைக் கணினியை ஒரு வாரம் இரவல் வாங்கி என் மேசையில் வைத்து வேலை பார்த்திருக்கிறேன். என் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தொலைவில் பெரிய சன்னல் ஒன்று இருக்கிறது. மேசையைத் திருப்பிப் போட அறையில் இடமில்லை. காலை பத்து மணிக்கு மேல் எழுத்துகளோடு சேர்த்துச் சன்னல் கம்பிகளையும் என் வெள்ளைச் சட்டையையும் படிக்க வேண்டியதாயிற்று. அந்த வாரம் நான் கோட்டைவிட்ட பிழைகளில் பெரும்பாலானவை மெய்யெழுத்துகளின் புள்ளிகள்தாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்து வேலை செய்யும் பழக்கம் எனக்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுத்து வேலைக்கு மேட் திரையே ஏற்றது என்று பொதுவாகச் சொல்லிவிடலாமா, அல்லது கிளாஸித் திரையின் ஒளிர்வைக் கூட்டினால் இந்தத் தொல்லை தீருமா? வாரத்தில் ஓரிரு முறை அட்டைப்படங்களின் நிறத்தையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

ஒளிவழி:

மேட் திரை, தன்மேல் விழும் வெளிச்சத்தைத் தின்றுவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது எதையும் தின்பதில்லை. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5 என்பதால், நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தை அதன் வெளிப்பரப்பு திருப்பி அனுப்புகிறது. கிளாஸித் திரை அந்த 4 சதவீதத்தை ஒரே திசையில், முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல அனுப்புகிறது, மேட் திரையோ அதே ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கிறது. ஆகவே கிளாஸியில் சன்னல் சன்னலாகவே தெரியும். மேட்டில் அது உருவமிழந்து, விளிம்பில்லாத ஒரு வெளிறலாகப் பரவும்.

4 சதவீதம் என்ன பெரிய தொகை என்று தோன்றலாம். 500 லக்ஸ் வெளிச்சமுள்ள அறையில் ஒரு வெள்ளைச் சட்டை ஏறத்தாழ 130 நிட் அளவுக்கு ஒளிரும்; அதில் 4 சதவீதம் என்றால் 5 நிட். 300 நிட் வெள்ளையும் 1000:1 மாறுபாட்டு விகிதமும் (கறுப்பைவிட வெள்ளை எத்தனை மடங்கு ஒளிர்கிறது என்ற கணக்கு) கொண்ட ஒரு கிளாஸி ஐபிஎஸ் திரையில் கறுப்பின் ஒளிர்வு 0.3 நிட்தான். கறுப்பின்மேல் 5 நிட், வெள்ளையின்மேல் 5 நிட் என்று இரண்டின்மேலும் அந்தச் சட்டை ஏறி உட்கார்ந்தவுடன், விற்பனைக் குறிப்பில் 1000:1 என்று பெருமையாக அச்சிட்ட மாறுபாடு அந்த இடத்தில் 60:1-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. சட்டைக்கே இந்தப் பாடு. சன்னலில் தெரியும் பகல் வானம் 5000 நிட் அளவில் இருந்தால் அதன் பிரதிபலிப்பு 200 நிட். அப்போது மாறுபாடு வெறும் 2.5:1. ஓஎல்இடி திரையின் கறுப்பு முழுக் கறுப்பாகவே இருந்தாலும் கணக்கு மாறாது, ஏனெனில் அந்தக் கறுப்பின்மேல் இப்போது படிந்திருப்பது உங்கள் சன்னலின் 200 நிட். ஒளிர்வை 400 நிட்டுக்குக் கூட்டினால் 2.5 என்பது 3 ஆகும், அவ்வளவுதான்.

கண் களைப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் திரையிலிருந்து 60 செ.மீ. தொலைவில் அமர்ந்திருக்க, சன்னல் உங்களுக்குப் பின்னால் 2 மீட்டரில் இருக்கிறது என்றால், அதன் பிம்பம் திரைக்குப் பின்னால் 2.6 மீட்டரில் இருப்பதாகவே கண் உணரும். கண்ணிலிருந்து கணக்கிட்டால் எழுத்து 60 செ.மீ.யில், சன்னல் கம்பி 3.2 மீட்டரில். கூர்மையான விளிம்புள்ள எதையும் குவித்துப் பார்க்க விழையும் கண், இவ்விரண்டு தொலைவுகளுக்கும் இடையே நாள் முழுதும் இழுபடுகிறது. மேட் திரை அந்தப் பிம்பத்தின் விளிம்பை அழித்துவிடுவதால், வெளிறல் எஞ்சினாலும் இழுபறி நின்றுவிடுகிறது. உங்கள் வேலைக்கு மேட் திரையின் முதன்மையான பயன் இதுவே என்பது என் கருத்து. திரைமுன் பணிபுரிவோருக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 90/270 வழிகாட்டுநெறி 1990-லேயே, பணியாற்றுபவருக்குத் தொந்தரவு தரும் பிரதிபலிப்பும் கண்கூச்சமும் திரையில் இருக்கக் கூடாது என்று விதித்தது.

விளம்பரங்களில் குழப்பமாகப் பயன்படுத்தப்படும் மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது. ‘ஆன்டி-கிளேர்’ என்றால் சிதறடிக்கும் மேற்பரப்பு, அதாவது மேட். ‘ஆன்டி-ரிஃப்ளெக்டிவ்’ என்றால் மூக்குக் கண்ணாடிகளில் இடுவதைப் போன்ற மெல்லிய பூச்சு. ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி அதன் தடிமன் கணக்கிடப்படுவதால், திரும்பி வரும் ஒளியின் அளவையே அது குறைக்கிறது. நல்ல பூச்சு 4 சதவீதத்தை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரும். 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலே, மேலே சொன்ன 2.5:1 என்பது ஏறத்தாழ 7:1 ஆகிவிடும். மேற்பரப்பில் படியும் மெல்லிய படலம் பிரதிபலிப்பைக் குறைக்கும் என்பது தற்செயலாகத் துலங்கிய செய்தி என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை: காலப்போக்கில் மேற்பரப்பு மங்கிப்போன பழைய கண்ணாடி, புதிய கண்ணாடியைவிட அதிக ஒளியை ஊடுருவ விடுகிறது என்று 1886-இல் ராலே பிரபு கண்டறிந்தார்.

நிழற்படம்:

மேலே உள்ள கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மேட் என்றாலே ஒன்றுதான் என்பதுபோல் படிப்பவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் படங்களைத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, நுண்ணிய பிக்சல்கள் கொண்ட ஒரு மேட் திரைக் கணினியைப் பார்க்காமலே வரவழைத்து ஏமாந்தேன். வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் அதன்மேல் வண்ண மணல் தூவியதுபோல் மினுமினுத்தது. தலையைச் சற்று அசைத்தால் மணலும் அசைந்தது. மேட் மேற்பரப்பிலுள்ள நுண்மேடுகள் ஒவ்வொன்றும் குட்டி வில்லையாக மாறி, அடியிலுள்ள சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைச் சீரற்றுப் பெருக்கிக் காட்டுவதால் ஏற்படும் கோளாறு இது. பிக்சல் சிறுத்துச் சிறுத்து அந்த மேடுகளின் அளவை நெருங்கும்போது இது கூடுகிறது. மேடுகளும் அதற்கேற்ப நுணுக்கமாக இருந்தால்தான் அடங்கும்.

மெய்யெழுத்தின் புள்ளியைத் தேடும் கண்ணுக்கு இந்த மணல், சன்னல் கம்பிக்குச் சளைத்த தொல்லை அல்ல. பேனலின் விவரத்தாள் கிடைத்தால் அதில் ‘ஹேஸ்’ என்ற சதவீதத்தைப் பாருங்கள்; ஊடுருவும் ஒளியில் எவ்வளவு பகுதி நேர்வழியை விட்டு விலகிச் சிதறுகிறது என்பதை அது குறிக்கிறது. மடிக்கணினிப் பேனல்களில் 25 சதவீதம் என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். எண் கூடக்கூடப் பிம்பம் நன்றாகக் கலையும், எழுத்தின் விளிம்பும் அதற்கேற்ப மென்மையாகும்.

நிறம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடையில் கிளாஸித் திரை செழிப்பாகத் தெரிந்ததற்குக் காரணம் அதன் நிறங்கள் சரியாக இருந்தன என்பதல்ல. சிதறல் இல்லாததால் கறுப்பு ஆழமாகத் தெரிகிறது, அந்த ஆழத்தில் எல்லா நிறமும் எடுப்பாகத் தோன்றுகிறது. தாளில் அச்சாகப்போகும் அட்டைப்படத்துக்கு அந்த எடுப்பு உதவாது. முதல் முறை அச்சகத்திலிருந்து வரும் தாளைக் கையில் வாங்கும்போது முகம் சுருங்கிவிடும். நிறம் சரியாக அளவீடு செய்யப்பட்ட மேட் திரையே அந்த வேலைக்குப் போதும். என் சொந்த விருப்பம், வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய அறையில் கிளாஸிதான். உங்களுக்கு அந்த வசதி இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

திருகாணி:

நான் கணினிகளைப் பழுதுபார்ப்பவன். இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

கிளாஸித் திரையை வாங்கிவிட்டு மேலே மேட் படலம் ஒட்டிக்கொள்ளலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஒட்டலாம், ஆனால் பலன் அரைகுறையாகவே இருக்கும். ஒரு டிரேசிங் தாளை அச்சடித்த பக்கத்தின்மேல் படிய வைத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். அதையே ஒரு விரற்கடை உயர்த்திப் பிடித்தால் எழுத்து கலங்கிவிடும். மேட் பரப்பும் அப்படித்தான்: பிக்சலுக்கு நெருக்கமாக இருக்கும்வரை நல்லது. தொடுதிரையில் பிக்சலுக்கு மேலே தனிக் கண்ணாடித் தகடு ஒன்று இருப்பதால், அதன்மேல் ஒட்டும் படலம் பிக்சலிலிருந்து இன்னும் விலகிப்போகிறது. மேலும், மூடிய நிலையில் திரைக்கும் விசைப்பலகைக்கும் இடையே உள்ள இடைவெளி மெல்லிய கணினிகளில் மிகக் குறைவு; தடித்த படலத்தை ஒட்டி, இறுக்கி மூடி, விரிசல் விட்ட திரையோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. மேட் திரையைக் கிளாஸியாக மாற்றுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்த மேட் பரப்பு பெரும்பாலும் திரையின் ஒளியை வடிகட்டும் மேல் போலரைசர் படலத்திலேயே அமைந்திருப்பதால், உரிக்கப் போனால் திரையே போய்விடும்.

அடுத்தது துடைப்பது. கிளாஸித் திரையில் விரல் ரேகை உடனே தெரியும், உடனே துடைக்கவும் வரும். மேட் திரையில் தாமதமாகத் தெரியும். தெரியும்போது எண்ணெய் அந்த நுண்பள்ளங்களை நிரப்பியிருக்கும், அந்த இடம் மட்டும் பளபளவென்று ஒரு திட்டாக நிற்கும். விசைகளின் எண்ணெய் படிந்து, எழுத்துவரிசையே திரையில் பதிந்த கணினிகளை வாரந்தோறும் பார்க்கிறேன். காய்ச்சி வடித்த நீரில் இலேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி போதும். நீரைத் துணியில்தான் தெளிக்க வேண்டும், திரையில் அல்ல. சமையலறைத் தாளும், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும், அசிட்டோனும் கிட்டவே வரக் கூடாது. மேட் பரப்பை ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்தால் அந்த மேடுகள் மழுங்கி, திட்டு நிரந்தரமாகிவிடும்.

ஒளிவழி:

படலம் பற்றி எழுதியது மிகச் சரி. டிரேசிங் தாள் உவமையை நான் எடுத்துக்கொள்கிறேன். மேட் என்றால் ஒன்றுதான் என்ற தொனி என் பதிலில் வந்திருந்தால் அது என் தவறு. ஒட்டும் படலமாக அல்லாமல் கண்ணாடியிலேயே நுண்ணிய அமைப்பைச் செதுக்கும் முறையும் இப்போது மடிக்கணினிக்கு வந்திருக்கிறது. ஆப்பிள் 2024-இல் மேக்புக் ப்ரோவில் ‘நானோ-டெக்ஸ்ச்சர்’ என்ற பெயரில் அதைத் தெரிவாகக் கொடுத்தது. நுண்பிக்சல் திரையில் மினுமினுப்பைக் கட்டுக்குள் வைக்க வேண்டுமானால் இந்த அளவுக்கு நுணுக்கம் தேவைப்படுகிறது.

கேள்வி கேட்டவருக்கு ஒரு யோசனை. விற்பனைக் கூடத்தில் திரையை அணைக்கச் சொல்லிவிட்டு, கைப்பேசி விளக்கை அதன்முன் பிடியுங்கள். விளக்கின் வடிவம் அப்படியே பளிச்சென்று தெரிந்தால் அது வெறும் கிளாஸி. வடிவம் தெளிவாகவும் ஒளி மங்கியும், ஊதா அல்லது பச்சைச் சாயலோடும் தெரிந்தால் அதில் ஆன்டி-ரிஃப்ளெக்டிவ் பூச்சு இருக்கிறது. விளிம்பற்ற வெள்ளைப் புகைபோல் பரவினால் மேட். புகை எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதிலிருந்து ஹேஸையும் ஒருவாறு ஊகிக்கலாம். பிறகு திரையை இயக்கி, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து மினுமினுப்பைப் பாருங்கள்.

எந்தத் திரையை வாங்கினாலும் பகலில் அந்தக் கறுப்புப் பின்னணியை விட்டுவிடுங்கள். பிரதிபலிப்பு, இருக்கும் ஒளியோடு கூடுகிறது. கறுப்பில் 5 நிட் கூடினால் சட்டை தெரியும், 300 நிட் வெள்ளையில் 5 நிட் கூடினால் யாருக்கும் தெரியாது. நீங்கள் தவறவிட்ட புள்ளிகளில் பாதிக்கு அந்தப் பின்னணியே காரணமாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சன்னலோரம்:

அனைவருக்கும் நன்றி. நேற்று என் மெய்ப்புக் கோப்பு ஒன்றை எடுத்துச் சென்று, சொன்ன சோதனைகளை எல்லாம் செய்து பார்த்தேன். நான் நினைத்திருந்த ஓஎல்இடி திரையில் கைப்பேசி விளக்கு ஊதாச் சாயல் ஏதுமின்றி, விளக்காகவே தெரிந்தது; பூச்சு இல்லை என்று புரிந்துகொண்டேன். அதே மாடலின் மேட் திரையில் 10 பாயின்ட் எழுத்தளவில் ஒரு பக்கத்தைத் திறந்து, ‘ப’வையும் ‘ப்’பையும் மாற்றி மாற்றித் தேடினேன், மணல் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த வேறொரு மேட் திரையில் நிழற்படம் அவர்கள் எழுதிய அந்த வண்ண மணலை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன். அதைச் சுட்டிக்காட்டியபோது விற்பனையாளருக்குக் கடைசிவரை அது தெரியவில்லை.

மேட் திரையையே வாங்கியிருக்கிறேன். இன்று காலை பத்தரை மணிக்குச் சன்னல் இருந்த இடத்தில் வெளிறிய ஒரு திட்டு மட்டுமே இருந்தது, கம்பிகள் இல்லை. வெள்ளைப் பின்னணிக்கு மாறியதும் அந்தத் திட்டையும் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இரவல் வாரத்தில் பார்த்த நாற்பது பக்கங்களை அதே வெளிச்சத்தில் மீண்டும் திறந்து பார்த்ததில், இன்னும் பதினோரு புள்ளிகள் விடுபட்டிருந்தன. அவற்றைத் திருத்தி அனுப்பிவிட்டேன்.