ஜெரிக்கோவின் குதிரைவீரன் பாய்கிறானா, ஓடுகிறானா?

குதிரைப்பித்தன்: பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள, பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோவின் குதிரைவீரன் ஓவியம் நெப்போலியன் படை தோற்று ஓடுவதைக் காட்டுகிறதாம், முகம் பின்னால் திரும்பியிருப்பதே சாட்சியாம். நேற்று வைகைக்கரை எழுதியது. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. படம் சலோன் என்ற பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் வைக்கப்பட்டது 1812 நவம்பரில். ரஷ்யாவில் படை நாசமான சேதி பாரிஸில் வெளியானது டிசம்பர் 16. வராத சேதியை அந்த 21 வயதுப் பையன் எப்படி வரைந்தான்?

வைகைக்கரை: தேதி கிடக்கட்டும். தாக்கப் போகிறவன் எதற்கு முதுகுப் பக்கம் பார்க்கிறான்? வாளைக்கூட ஓங்கவில்லை.

குதிரைப்பித்தன்: அவன் அதிகாரி ஐயா. தன் ஆட்கள் வருகிறார்களா என்று பார்க்கிறான். குதிரையின் பின்புறம் நம் பக்கம், முன்னங்கால்கள் காற்றில், உடம்பு குறுக்காகப் புகைக்குள் ஏறுகிறது. சண்டை நடக்கும் பக்கம் போகிறவனா ஓடுகிறவன்?

வைகைக்கரை: முகம் எந்தப் பக்கம்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தூரிகை: இரண்டு பேரும் குதிரையை விட்டுவிட்டீர்கள். பாரிஸ் பக்கத்துச் செயின்ட் க்ளூ சாலையில் வண்டிக் குதிரை ஒன்று மிரண்டு எழும்பியதைப் பார்த்துத்தான் ஜெரிக்கோவுக்கு இந்தப் படமே தோன்றியது என்பார்கள். அந்தச் சேணத்து சிறுத்தைத் தோலைப் பாருங்கள், என்ன வேலைப்பாடு!

வைகைக்கரை: அது புலித்தோல்.

தூரிகை: புள்ளி இருக்கிறது, வரி இல்லை. மூன்றரை மீட்டர் உயரப் படத்தைக் கைபேசியில் பார்த்தால் இப்படித்தான்.

வைகைக்கரை: பாரிஸ் போய் வந்தவர்கள் மட்டும்தான் பேச வேண்டுமா? அப்படியானால் பலகை மாட்டிவிடுங்கள்.

குதிரைப்பித்தன்: தோலை விடுங்கள். 1814 சலோனில் ஜெரிக்கோ காயம்பட்ட வீரன் ஒருவனை வைத்தார். அவன் குதிரையை விட்டு இறங்கி, சரிவில் கால் ஊன்ற முடியாமல், கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி வானத்தை அண்ணாந்து பார்க்கிறான். தோல்வியை வரைய நினைத்தபோது அவர் வரைந்தது அதை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

வைகைக்கரை: அதே 1814-இல் பழைய படத்தையும் கூடவே வைத்தாரே! முதல் படத்திலேயே தோல்வி இருப்பதால்தானே? முகம் பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான்.

குதிரைப்பித்தன்: ஒருவன் வென்ற காலம், ஒருவன் வீழ்ந்த காலம், எதிரெதிராக வைத்தார். நெப்போலியன் ஆல்ப்ஸ் மலையைக் கடப்பதாக ஓவியர் டேவிட் வரைந்த படம் பற்றிய திரியிலும் உங்களிடம் இதே பிடிவாதம். நெப்போலியன் மலையேறியது கோவேறு கழுதையில் என்று அத்தனை பேர் சொல்லியும், படத்தில் குதிரை இருக்கிறதே என்றீர்கள்.

வைகைக்கரை: அந்தத் திரியில் என்னை ஒருமையில் பேசியவர் நீங்கள். அதற்கு இன்னும் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

தூரிகை: சிறுத்தைதான்.

குதிரைப்பித்தன்: வருத்தமெல்லாம் பிறகு. டிசம்பர் 16-க்கு முன் அந்தச் சேதி ஜெரிக்கோவுக்கு எப்படித் தெரியும்? இன்னும் பதில் வரவில்லை.