புதுப்பிப்பு: கொழும்பு – சிங்கப்பூர் கப்பலில் கரை காணாத மூன்று நாள்

எழுபது தாண்டின அம்மாவோடு கரையே காணாத மூன்று நாளை எப்படிப் போக்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்திட்டம். பதில் எழுதின எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

"கடதாசிக் கட்டு ஒன்று கொண்டு போங்கோ" என்ற யோசனைதான் கைகொடுத்தது. முதல் நாள் பின்னேரமே அம்மா 304 என்ற சீட்டு விளையாட்டுக்கு ஆள் தேடினா. நாலு பேர் வேணுமே! பக்கத்து மேசைச் சென்னைத் தம்பதிக்கு ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11 என்று விரல் மடித்துச் சொல்லிக் குடுத்தா. மூன்றாம் நாள் அந்த அக்கா துரும்புச் சீட்டைக் (மற்ற வகைச் சீட்டுகளை வெட்டுற வகை) கவிழ்த்து வைத்து எங்களையே வென்றா. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம்.

சினிமா, நீச்சல் குளம் எல்லாம் ஒரு தடவைதான். இரவில் மேல்தளத்துக்குக் கட்டாயம் போங்கோ. முதல் இரவு தெவிநுவர வெளிச்சவீடு தெரிந்தது. இலங்கையின் தென்கோடியில் இருக்கிறது. அது மறையுமட்டும் அம்மா கம்பியை விட்டுக் கை எடுக்கவில்லை.

ஒன்று கவனம்: சிங்கப்பூர் போய்ச் சேரமுதல் மணிக்கூட்டை மொத்தம் இரண்டரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளவேணும். மருந்து எடுக்கிறவை நேரத்தை முதலே எழுதி வையுங்கோ.