வீட்டு உதவிக் காசுக்குக் கையெழுத்து வைச்சால் ஹவுசிங் லிஸ்டில இருந்து பேர் போயிடுமாம். வைக்கலாமோ?

எக்ளின்ரன் அக்கா:
வணக்கம். ஸ்காபரோவில பேஸ்மென்ற் ஒண்டில நான், மனுசன், ரெண்டு பிள்ளையள். வாடகை 1,850. ஹவுசிங்குக்கு (குறைஞ்ச வாடகை அரச வீடு) 2014இல பதிஞ்சனாங்கள், இன்னும் கிடைக்கேல்லை. போன கிழமை ரொறன்ரோ சிற்றியில (நகரசபை) இருந்து கடிதம்: கனடா-ஒன்ராறியோ வீட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமாம். கடைசிப் பக்கத்தில ஒரு பெட்டி இருக்குது. காசு கிடைச்சால் காத்திருப்புப் பட்டியலில இருந்து என்ர பேரை எடுக்கச் சம்மதமாம். ரெண்டு இரவு பேனையோட இருந்து பார்த்திட்டன், கை போகேல்லை. ஆரும் வாங்கினனீங்களோ?

இன்னும் ரெண்டு சிக்கல். வாடகை கையில காசாத்தான் குடுக்கிறம், ரசீது இல்லை. மனுசன் ரெண்டு வருசமா ரக்ஸ் (வருமான வரிக் கணக்கு) செய்யேல்லை.

கிங்ஸ்ரன் றோட்:
வைக்காதேங்கோ அக்கா. ஹவுசிங் கிடைச்சால் ஆயுளுக்கும் நிம்மதி. இந்தக் காசு நேரா வீட்டுக்காரருக்குத்தான் போகும், அவர் விசயம் தெரிஞ்சு எழுப்பிப் போடுவார்.

மோர்ணிங்சைட் தம்பி:
அண்ணை, அது பிழை. நாங்கள் 2023இல இருந்து எடுக்கிறம். காசு எங்கட வங்கிக் கணக்குக்குத்தான் வருகுது. நாங்கள் சம்மதிச்சால்தான் வீட்டுக்காரருக்குப் போகும்.

அக்கா, கணக்கு இப்பிடி. குடும்பத்தின்ர வருசத் தேறிய வருமானம் 36,000 எண்டு வையுங்கோ. மாதம் 3,000, அதில 30 வீதம் 900. உங்கட பகுதியின்ர சராசரி வாடகையில இருந்து இந்த 900ஐக் கழிச்சு வாறதுதான் உதவித்தொகை. சும்மா ஒரு பேச்சுக்குச் சராசரி 1,700 எண்டால் 800 வரும். 1,850 கட்ட மிச்சம் 1,050 உங்கட கையால. சராசரியைவிட வாடகை கூடினால் அந்தக் கூடினது உங்கட தலையிலதான், இதை ஆரும் முதல்ல சொல்லமாட்டினம். அரசாங்கம் தாற பிள்ளைக்காசை வருமானத்தில சேர்க்கமாட்டினம்.

ஒன்ராறியோவுக்குள்ள வீடு மாறினாலும் காசு கூடவே வரும், தொகை மட்டும் இடத்துக்கேற்ப மாறும். ஹவுசிங்கில அது இல்லை, வீட்டை விட்டால் சலுகையும் போச்சு.

வெள்ளவத்தைக்காரி:
தம்பி நல்ல பக்கத்தை மட்டும் சொல்லுறார். இது 2020இல தொடங்கின திட்டம், நிரந்தரம் எண்டு ஒருத்தரும் எழுதித் தரேல்லை. லிஸ்டில இருந்து விலகினால் பிறகு திரும்பப் பதியலாம், ஆனால் 2014 திகதி போயிடும், கடைசியில நிக்கவேணும். அதை யோசிச்சுத்தான் பெட்டியைத் தொடவேணும். எண்டாலும் அக்கா, ரொறன்ரோவில நாங்களா நினைச்சு இதுக்கு விண்ணப்பிக்க ஏலாது, அவையள் கூப்பிட்டால்தான். நான் எண்டால் வாறதை வாங்குவன்.

மனுசன்ர ரக்ஸை உடன செய்யுங்கோ. அவரும் செய்யாட்டி விண்ணப்பம் நகராது. பிறகும் ஒவ்வொரு வருசமும் செய்யவேணும், ஜூலையில புதுப்பிக்கேக்க அதைத்தான் பார்ப்பினம். என்ர சிநேகிதி ஒருத்தி பிந்தி அனுப்பி மூண்டு மாதம் காசில்லாமல் நிண்டவ. மார்ச், ஏப்ரலில இலவச ரக்ஸ் கிளினிக்குகள் நடக்கும், சிலது வருசம் முழுக்க.

மோர்ணிங்சைட் தம்பி:
ரசீது கேட்டால் வீட்டுக்காரர் குடுக்கத்தான் வேணும், இலவசமா. ஒன்ராறியோ வாடகைச் சட்டம் அது. சண்டை பிடிக்காமல், "ரக்ஸுக்கு வேணுமாம் அண்ணை" எண்டு கேளுங்கோ. அப்பிடித்தான் எங்களுக்கு வந்தது. காசு கிடைக்கிற செய்தியை அவருக்குச் சொல்லவேண்டாம், வாடகையைக் கூட்டப் பார்ப்பார். உங்கட பேஸ்மென்ற் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக் குடிவந்த இடம் எண்டால் வாடகையின்ர வருச உயர்வுக்கு உச்சவரம்பே இல்லை.

எக்ளின்ரன் அக்கா:
எல்லாருக்கும் நன்றி. சிற்றியின்ர 311 நம்பருக்கு அடிச்சு "தமிழ்" எண்டு சொல்ல மொழிபெயர்க்க ஒரு ஆளை எடுத்துத் தந்திச்சினம். கடிதம் உண்மைதானாம். வீட்டுக்காரர் முதல்ல கலண்டர் தாளைக் கிழிச்சு அதின்ர பின்பக்கத்தில எழுதித் தந்தார். நான் முழிசினதைப் பார்த்து அடுத்த நாள் டொலர் கடை ரசீதுப் புத்தகம் வாங்கி வந்து ஜனவரியில இருந்து எழுதினார்.

பெட்டியில புள்ளடி போட்டிட்டன். இனி மனுசன்ர டி4 (முதலாளி தாற வருசச் சம்பளச் சீட்டு). ஒண்டு குசினி லாச்சிக்க இருந்தது, மற்றது அம்பிடேல்லை. பழைய முதலாளியும் போன் எடுக்கிறார் இல்லை.

வெள்ளவத்தைக்காரி:
முதலாளிக்குப் பின்னால திரியாதேங்கோ. அவர் சிஆர்ஏவுக்கு (கனடா வரித் திணைக்களம்) அனுப்பியிருந்தால் டி4 அங்கேயே கிடக்கும். உங்கட மனுசனே அடிச்சுக் கேட்கவேணும், சின் (சமூகக் காப்புறுதி) நம்பரைக் கையில வைச்சிருக்கச் சொல்லுங்கோ. காலமை வெள்ளன எடுத்தால் சுறுக்காப் பிடிக்கலாம்.