எடை ஏறிய ஆண்டுகளில் எண்கள் என் கையை விட்டுப் போயின

எனக்கு இருமுனையப் பிறழ்வு (பைபோலார்): மனச்சோர்வும், அளவு மீறிய மனவெழுச்சியும் விட்டுவிட்டு வரும் நோய். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அதற்கான மருந்துகளான லித்தியத்துடன் ஓலான்சபினும் தொடங்கியபோது 56 கிலோ இருந்தேன். ஒன்றரை ஆண்டில் 78. இரவு பத்து மணிக்கு மேல் எழும் அந்தப் பசி, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வயிறு நிறைந்திருக்கும், கை சோற்றுப் பானையைத் தேடும். மூளையில் பசியை அடக்க உதவும் ஹிஸ்டமின் ஏற்பிகளை ஓலான்சபின் அடைப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று பிறகுதான் அறிந்தேன். அதுவரை என் நாக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், வீட்டிலும் திட்டினார்கள்.

எடையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பேரேட்டில் பிழை வந்ததைப் பொறுக்க முடியவில்லை. ஆறு இலக்கத் தொகையைப் பில்லில் பார்த்து எழுதுவதற்குள் பின்பாதி மறந்துவிடும். அப்போது மனச்சோர்வும் இல்லை, மனவெழுச்சியும் இல்லை. "நோய் அடங்கியிருக்கிறதே, வேறென்ன வேண்டும்?" என்றார் அன்று பார்த்த மருத்துவர்.

மருந்துதான் மூளையை மழுக்குகிறது என்று நானே முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் எல்லா மாத்திரைகளையும் நிறுத்தினேன். ஐந்தாம் வாரம் தூக்கம் போயிற்று. ஏழாம் வாரம் வளையல்களை அடகு வைத்து, ஊறுகாய்த் தொழிலுக்கென்று 300 கண்ணாடிச் சாடிகள் வாங்கியிருந்தேன். மனவெழுச்சி திரும்பியிருந்தது. பிறகு 22 நாட்கள் மனநல வார்டில்.

அங்கிருந்த இளம் மருத்துவர்தான் முதன்முதலாக என் இடுப்பை அளவுநாடாவால் அளந்தார். 98 செ.மீ. நம் நாட்டுப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றார். ஐந்து எண்களைச் சொல்லி, கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்றோடு நின்றேன். அழுதுவிட்டேன். அவர் அவசரப்படவில்லை. நோய் அடங்கியிருக்கும் காலத்திலும் பலருக்குக் கவனமும் நினைவும் மங்கியிருக்கும் என்றார். உடல் பருமன் சேர்ந்தவர்களிடம் அந்த மங்கல் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன, அழற்சியும், இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத இன்சுலின் எதிர்ப்பும் காரணமாக இருக்கலாம் என்றார். லித்தியத்தால் தைராய்டு குறைந்தாலும் எடை கூடும், யோசனை மந்தமாகும் என்று இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் 14, இயல்பைவிட மிக அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய அதை இரண்டாண்டுகளாக யாரும் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

தைராய்டு மாத்திரை, சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின், ஓலான்சபினுக்குப் பதிலாகப் படிப்படியாக வேறு மருந்து, மாலை நடை. இரண்டாண்டில் 11 கிலோ குறைந்தது. இப்போது ஐந்து எண்களையும் திருப்பிச் சொல்கிறேன். பழைய வேகம் வரவில்லை. எது எதைத் திருப்பித் தந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

மறுமொழி:
அக்கா, என் அண்ணனுக்கும் இதே நோய். அதற்கு வால்ப்ரோயேட் என்ற மருந்து சாப்பிடுகிறார், 104 கிலோ. பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிடுவார். சோம்பேறி என்று அப்பா ஏசுவார், நானும் ஏசியிருக்கிறேன். இரவெல்லாம் குறட்டை. போன மாதம்தான் உறக்கத்தில் அவருக்கு மூச்சு அடைபடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அப்படி உறங்குபவருக்குப் பகலில் கவனம் எப்படி நிற்கும்? மறதியைப் பற்றி மட்டும் மருத்துவரிடம் வாய் திறக்க மறுக்கிறார்.

மறுமொழி:
தம்பி, அவர் பேச வேண்டாம். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: மருந்து தொடங்கிய நாளின் எடை, இன்றைய எடை, தவறவிட்ட நிறுத்தங்கள் தேதியோடு. நான் பேரேட்டுப் பிழைகளை அப்படித்தான் எழுதிக்கொண்டு போகிறேன். அண்ணனிடம் முதலில் காட்டிவிட்டுக் கொடுங்கள்.